மஞ்சள் தடவிய கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

அன்புள்ள என்று போடக் கை கூசுகிறது. ஆனாலும் போடுகிறேன். கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று இந்தத் தெருவுக்கே பழக்கிவிட்டவன் நீ.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. கொச்சி மட்டாஞ்சேரியில் நம் தெருச் சங்கத்துக்காரர்கள் உனக்கு நினைவு மலர் போடுகிறார்கள். அட்டையில் உன் போட்டோ, கல்யாணத்தில் கோட்டுப் போட்டு எடுத்தது. உள்ளே ஆளுக்கு ஒரு பக்கம் உன்னைப் புகழ்ந்து எழுதுகிறார்களாம். தங்கச்சிதானே, நீயும் ரெண்டு பக்கம் எழுது என்று என்னிடமும் கேட்டார்கள். சரி என்றேன். அவர்கள் எதிர்பார்க்கிற இரண்டு பக்கம் இது இல்லை. மலரில் போடாவிட்டால் நானே ஜெராக்ஸ் எடுத்து வீடு வீடாகக் கொடுத்துவிடுவேன்.

என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. பத்தாவது வரை மலையாளம் படித்தவள், வாரப் பத்திரிகையை எழுத்துக் கூட்டிப் படித்துத் தமிழ் கற்றுக்கொண்டவள். ற-வும் ர-வும் இடம் மாறியிருந்தால் நீ வந்து திருத்த வேண்டாம். நீ திருத்தியது போதும்.

உன் இரும்புப் பெட்டியை நான் திறந்துவிட்டேன். முதலில் அந்தச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன்.

திருட்டுத்தனமாகத் திறக்கவில்லை. அண்ணிக்கு உன் ஸ்கூல் சர்டிபிகேட் தேவைப்பட்டது. இங்கிலீஷ் காகிதமெல்லாம் எனக்குப் புரியாது, நீ வந்து தேடிக் கொடு சரசு என்று கூப்பிட்டு அனுப்பினாள். போனேன். சர்டிபிகேட் மேலேயே இருந்தது. அதற்குக் கீழே சணல் கயிறு போட்டுக் கட்டிய கார்பன் காப்பிகள். இருபது வருஷமாக நம் ஆட்களுக்கு நீ டைப் அடித்துக் கொடுத்த கடிதங்கள் அத்தனையும், வீடு வாரியாக அடுக்கி வைத்திருந்தாய். ஒழுங்கு என்றால் நீதான். அதில் குறை சொல்ல மாட்டேன்.

வெலிங்டன் தீவில் கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசில் டைப்பிஸ்ட். நகரசபையில் தெருக் கூட்டுகிறவர்களும் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்களும் இருக்கிற நம் தெருவில் அது எவ்வளவு பெரிய உத்தியோகம் என்று இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாயங்காலம் படகுத்துறையில் நீ இறங்கி வருவதற்கு முன்னாலேயே யாராவது ஒருத்தர் ஒரு கவரைப் பிடித்துக்கொண்டு நம் வாசலில் நிற்பார். நீ வாங்கிக்கொண்டு போவாய். மறுநாள் டைப் அடித்த தாளோடு வருவாய். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. அதன்மேல் பேனாவால் கையெழுத்துப் போட வேண்டும். ஒரிஜினலில் ஒன்று, காப்பியில் ஒன்று. போட்டு முடித்ததும் ரப்பரால் குறியை அழித்துவிட்டுத் தாளை ஊதுவாய்.

உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் உன்னை நம்பவில்லை என்று ஆகிவிடும். கறிக்கடையில் எடை சரியா என்று கேட்பார்கள், டாக்டரிடம் இது என்ன ஊசி என்றுகூடக் கேட்பார்கள், உன்னிடம் கேட்க மாட்டார்கள். குறி எங்கே, அவ்வளவுதான். நம் தெருவில் அதற்குப் பெயர் மரியாதை. எனக்கு இப்போது அதற்கு வேறு பெயர் தோன்றுகிறது, மலரில் போட முடியாது.

நகரசபையில் தெருக் கூட்டிய அப்பா சர்வீசில் இருக்கும்போதே செத்துப்போனார். அப்படிப் போனால் நகரசபை வேலை வாரிசு ஒருத்தருக்குக் கிடைக்கும் என்பது தெருவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அம்மாவுக்கு வயது தாண்டிவிட்டது. உனக்கு வேலை இருந்தது. மிச்சம் நான், இருபத்தொரு வயது. என் பெயருக்கு நகரசபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் வந்தது. மலையாளத்தில் வந்திருந்தால் நானே வாசித்திருப்பேன், இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

நீ வாசித்தாய். அப்ளிகேஷன் கொடுக்கச் சொல்லியிருக்கான் என்றாய். ரெண்டு நாள் கழித்து டைப் அடித்துக் கொண்டுவந்தாய். கீழே வலது பக்கம் பென்சில் குறி.

வேலை கிடைச்சிருமா அண்ணா என்று கேட்டேன். ஞாபகம் இருக்கிறதா உனக்கு? என் முகத்தைப் பார்க்காமல் பேனா மூடியைத் திறந்து கொடுத்தாய்.

"வேலை விஷயம்தான். போடு."

போட்டேன். அம்மா கவரை உன் கையிலிருந்து வாங்கினாள். நல்ல காரியத்துக்குப் போற கடுதாசி வெறுமனே போகக்கூடாது என்று மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் தடவினாள். அப்பா படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். மஞ்சள் காயும்வரை விசிறியால் விசிறினாள். நீ சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்று அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாய். கவர் காய்ந்ததும் பைக்குள் வைத்துக்கொண்டு போனாய்.

எப்படி நின்றாய் அண்ணா?

அதற்குப் பிறகு அம்மா நாலைந்து தடவை நகரசபை ஆபீசுக்குப் போனாள். ஒவ்வொரு தடவையும் நானும் கூடப் போனேன். அம்மாவுக்குக் கேட்கத் தெரிந்தது ஒரே கேள்வி. எங்க கடுதாசி வந்துச்சா சாரே? அந்தக் கிளார்க் நல்ல மனுஷன்தான். ஃபைலைப் புரட்டிப் பார்த்து, மஞ்சள் கறையைக் கண்டு லேசாகச் சிரித்துவிட்டு, "எழுத்து இவிடெ உண்டல்லோ அம்மே, கிட்டியிட்டுண்டு" என்பார். கடிதம் கிடைத்துவிட்டது, பத்திரமாக இருக்கிறது. அம்மாவுக்கு அது போதும். திரும்பி வரும்போது முறுக்கு வாங்கித் தருவாள். எழுதிக் கொடுத்தவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமலா இருக்கும் என்று அவர் நினைத்திருப்பார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

கடைசியாகப் போனபோது வேறு கிளார்க். காலம் கடந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார். அப்பா வேலையோடு வந்த லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆர்டர் வந்தது. அந்தக் கடிதத்தை மட்டும் உள்ளது உள்ளபடி வாசித்துச் சொன்னாய். பள்ளுருத்தியில் ஒற்றை அறை எடுத்து அம்மாவும் நானும் போனோம். உனக்குக் கலூரில் கல்யாணம் ஆகி நீ அங்கே போனாய். அம்மா அந்த ஒற்றை அறையில்தான் செத்தாள். நமக்குக் குடுத்து வைக்கலை, ஆபீசுல யாரையும் குத்தம் சொல்லக்கூடாது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். நீ அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு, ஆமாம்மா என்றாய்.

நான் செம்மீன் ஷெட்டுக்குப் போனேன். பதினோரு வருஷம். ஐஸ் தண்ணீரில் கையை விட்டு இறால் உரிக்கிற வேலை. இறால் தலையில் இருக்கிற முள் நகத்துக்கு அடியில் ஏறும். மழைக்காலத்தில் விரல் நுனி வெடித்து, சோற்று உப்புப் பட்டால் உயிர் போகும். உன் வீட்டுக்கு வந்த ஒரு நாள், என் கையில் மீன் நாற்றம் என்று குழந்தையை என்னிடம் தராமல் அண்ணியிடம் கொடுத்தாய். நான் அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இங்கிலீஷ் தெரிந்தவன், சுத்தம் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஷெட்டை மூடிய பிறகு, கோட்டைக் கொச்சியில் ஒரு சேச்சி வெள்ளைக்காரர்களுக்கு அறை விடுகிற வீட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்ட மட்டும் வந்தது, அர்த்தம் கற்றுக்கொண்டது அங்கேதான். உன்னை மாதிரி புத்தகத்தில் இல்லை, போர்வை மடிக்கும்போதும் சாயா கொடுக்கும்போதும் காதில் விழுந்தது.

ஒரு மத்தியானம் வயதான அம்மா ஒருத்தி வெயிலில் சுற்றிவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்தாள். சாப்பாடு வைக்கட்டுமா என்று கேட்டேன். ஐ ஆம் டூ டயர்ட் டு ஈட் என்றாள். நோ என்று ஒரு சொல் அதில் இல்லையே. களைப்பாக இருக்கிறது, சாப்பிட வேண்டும் என்கிறாள் என்று நினைத்து, மீன் குழம்பைச் சூடாக்கி, தட்டு வைத்து, பக்கத்தில் நின்றேன். அவள் என்னைப் பார்க்கிறாள், நான் அவளைப் பார்க்கிறேன். சேச்சி வந்து தட்டை எடுத்துக்கொண்டு போனாள். "அவர்க்கு வேண்டான்னா பறஞ்ஞது, சரசு" என்றாள். வேண்டாம் என்றுதான் சொன்னாளாம்.

அன்றிலிருந்து அந்த வாக்கியத்தைக் காது தேட ஆரம்பித்தது. இட்ஸ் டூ ஹாட் டு வாக். நடக்கவில்லை. ஷி இஸ் டூ யங் டு டிரிங்க் டீ. அந்தக் குழந்தைக்குச் சாயா கொடுக்காதே. டூ எர்லி டு கெட் அப். எழுப்பாதே. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிறார்கள். நம் பேச்சில் நடக்க முடியாத அளவுக்கு வெயில் என்றுதான் சொல்ல வரும். அந்த முடியாத என்கிற சொல்லை விழுங்கிவிட்டுத் தமிழில் இதைச் சொல்ல வழியே இல்லை. அவர்களுக்கு வழி இருக்கிறது. முன்னால் ஒரு டூ, பின்னால் ஒரு டு, நடுவில் களைப்பையோ வெயிலையோ வைத்துவிட்டால் போதும். முடியாது என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் முடியாது என்று ஆகிவிட்டது. சிரித்துக்கொண்டே கதவைச் சாத்துகிற மாதிரி. அவர்கள் அதை மரியாதைக்காகச் செய்கிறார்கள். யாரும் நோகக்கூடாது என்று. எனக்கு அது பிடித்துக்கூடப் போயிற்று. சேச்சியிடமே சொல்லிப் பார்ப்பேன், டூ லேசி டு வாஷ் என்று. அவள் சிரிப்பாள்.

அப்புறம்தான் உன் பெட்டியைத் திறந்தேன்.

அந்தக் கட்டுக்குள் நம் வீட்டுக் காகிதம் கடைசியில் இருந்தது. என் பெயரைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன் அண்ணா. இத்தனை வருஷம் எனக்காக நீ அடித்த அப்ளிகேஷனைப் பத்திரமாக வைத்திருக்கிறாயே என்று. இப்போது நானே வாசிக்கலாம், என் அண்ணன் எனக்காக என்ன கேட்டிருக்கிறான் என்று பார்க்கலாம் என்று ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன்.

ஐ ஆம் டூ வீக் இன் ஹெல்த் டு அண்டர்டேக் த செட் ஒர்க். அதற்குக் கீழே, இந்த விஷயத்தை முடிந்ததாக எடுத்துக்கொள்ளவும் என்று ஒரு வரி. அதற்குக் கீழே என் கையெழுத்து. அதன் அடியில் பென்சில் குறி. ஒரிஜினலில் அழித்துவிட்டுக் காப்பியில் அழிக்க மறந்திருக்கிறாய்.

அந்த வேலையைச் செய்ய முடியாத அளவுக்கு நான் உடம்பு சரியில்லாதவள். சேச்சி வீட்டுக்குப் போகாமல் இருந்திருந்தால் அன்றைக்கும் எனக்கு இது புரிந்திருக்காது. நோ எங்கே என்று தேடிவிட்டு, நல்லவிதமாகத்தான் எழுதியிருக்கிறான் என்று மடித்து வைத்திருப்பேன்.

நான் வீக்கா? நோயில் கிடந்த அப்பாவைக் குளிப்பாட்டித் தூக்கிப் படுக்க வைத்தவள் யார்? துடைப்பம் பிடிக்க உடம்பு இல்லாதவளை ஐஸ் தண்ணீரில் நிற்க எப்படி விட்டாய்? ஷெட்டுக்கு நான் போன முதல் நாள், பார்த்துப் போ சரசு, வழுக்கும் என்று சொன்னாயே, அப்போது இந்த வரி உன் ஞாபகத்துக்கு வரவில்லையா?

அண்ணியைக் கூப்பிட்டு, தாளை முன்னால் வைத்து, தமிழில் சொன்னேன். அவள் சேலைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டே சொன்னாள். "என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போ எங்கப்பா கேட்டாரு, வீட்டுல வேற யாராவது துப்புரவு வேலையில உண்டோன்னு. இல்லைன்னு உங்கண்ணன் சொல்லிட்டாரு. சொன்னதை நிஜமாக்கணும்ல, சரசு."

சொன்னதை நிஜமாக்கியிருக்கிறாய். அண்ணிமேல் எனக்கு வருத்தம் கிடையாது. அவளுக்கு இந்தக் கடிதம் தெரியாது, அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். தங்கச்சி கையில துடைப்பம் வேண்டாம்னு பாசத்துலயும் செஞ்சிருப்பாரு என்று அழுகைக்கு நடுவில் உனக்காகவும் பேசினாள். இருக்கலாம். பாசமும் இருந்திருக்கலாம். எனக்கு அது வேண்டாம்.

அப்பா பிடித்த துடைப்பத்தைப் பிடிக்க எனக்கு ஆசை இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். யாருக்கு ஆசை இருக்கும்? அந்த நாற்றம் தெரியும், ஜனங்கள் தொடாமல் உயரத்திலிருந்து கையில் தண்ணீர் ஊற்றுகிற விதம் தெரியும். வேண்டாம் என்று நானே சொல்லியிருப்பேனோ என்னவோ. ஆனால் நான் வாயைத் திறந்து, வேண்டாம் என்று, அம்மா முன்னால் சொல்லியிருக்க வேண்டும். அம்மா என்னைத் திட்டியிருப்பாள், நான் அழுதிருப்பேன், ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்திருப்போம். லைன் வீடு போனால் ஏன் போனது என்று தெரிந்து போயிருக்கும். உன் கலூர் மாமனாருக்காக நான் அந்த வேலையை விட வேண்டும் என்றால் என்னிடம் கேட்டிருக்கலாமே. கேட்டிருந்தால், பாவி, விட்டுக் கொடுத்திருப்பேன்.

இதைவிட எரிச்சல் ஒன்று இருக்கிறது. மற்ற வீட்டுக் கடிதங்களையும் வாசித்தேன். கருப்பையா மாமா மேல் கிடங்கில் திருட்டுப் பழி போட்டார்களே, அதற்கு நீ எழுதியதை வாசித்தேன். ஐ டிட் நாட் ஸ்டீல். ஐ வாஸ் நாட் தேர். ஐ வில் நாட் அக்செப்ட் திஸ். வரிக்கு வரி நாட். மேஜையில் குத்திக் குத்திப் பேசுகிற மாதிரி எழுதியிருக்கிறாய். மாமா வீட்டுக்குப் போய்த் தமிழில் வாசித்துக் காட்டினேன். அவர் பீடியை அணைத்துவிட்டு, "எனக்காக இம்புட்டுச் சண்டை போட்டிருக்கானா உங்கண்ணன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அவர் வீட்டில் சாயா குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். நெஞ்சை நிமிர்த்தி இல்லை என்று சொல்ல உனக்குத் தெரிந்திருக்கிறது. ஊரானுக்கு அதைக் கொடுத்தாய். எனக்கு மட்டும் அந்த நழுவல் வாக்கியம்.

கையெழுத்துப் போட்டவள் நான்தானே என்று நீ சொல்லலாம். சொல்லு. இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிக்கவாவது தெரிந்தவள், ஒரு நிமிஷம் தாளைப் பிடித்துப் பார்க்காமல் போட்டேன். அந்தப் பங்கை நான் எடுத்துக்கொள்கிறேன். அதற்காகத்தான் உன்னை அடிக்கிற கையால் என்னையும் அடித்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

இப்போது என் வாக்கைக் கேள். சணல் கயிற்றோடு அந்தக் கட்டு என்னிடம்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வீடு. கயிற்றை அவிழ்த்து, அவரவர் கையெழுத்துப் போட்ட தாளை அவரவர் முன்னால் வைத்து, வரி விடாமல் நம் பேச்சில் வாசித்துக் காட்டப் போகிறேன். நீ நல்லது எழுதியிருந்தால் அழட்டும், உன் போட்டோவுக்கு மாலை போடட்டும். வேறு மாதிரி எழுதியிருந்தால் அதையும் தெரிந்துகொள்ளட்டும். இனிமேல் யாராவது கவரைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாலும், முதலில் வாசித்துச் சொல்லிவிட்டுத்தான் எழுதுவேன். பென்சிலைத் தொட மாட்டேன்.

ஒரு தாள் மட்டும் என்னால் வாசித்துக் காட்ட முடியாது. அதைக் கேட்க வேண்டியவள் இங்கே இல்லை, நீ இருக்கிற இடத்தில்தான் இருக்கிறாள். அதனால் அதை உன்னிடம் விடுகிறேன். அம்மா பக்கத்தில் உட்கார். கையைக் காலைப் பிடித்துவிட வேண்டாம். அவள் மஞ்சள் தடவி, விசிறி, கும்பிட்டுக் கொடுத்த கடிதத்தில் என்ன இருந்தது என்று தமிழில் சொல். முடியாது என்கிற சொல்லை விழுங்காமல் சொல். அவள் என்ன சொல்கிறாளோ அதைக் கேட்டுக்கொள்.

இப்படிக்கு,
குறி இல்லாத இடத்தில் தானாகக் கையெழுத்துப் போடும்
உன் கூடப்பிறந்த தங்கை
சரஸ்வதி